விதானையார் வீட்டில் வைத்த அரை றாத்தல்

வவுனியாவில் வழக்குப் பேசுகிற புரொக்டர் கதிர்காமநாதனுக்கு ஒரு பழக்கம். வழக்கென்று வருகிறவனுக்கு என்னென்ன வழி இருக்கிறது என்பதை விரல் மடக்கித்தான் சொல்லுவார். ஒரு விரலோடு நிறுத்திவிட்டால் குற்றப்பணத்தைக் கட்டிப்போட்டு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியதுதான் என்று அர்த்தம். அன்றைக்கு ஏரம்புவுக்கு அவர் நாலு விரல் மடக்கினார். பக்கத்து வாங்குப் பலகையில் இருந்த அவன் பெண்சாதி இலட்சுமி முதல் மூன்று விரலுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நாலாவது விரல் மடங்கியபோது அந்தத் தலையாட்டம் நின்றுவிட்டது.

வழக்கு கஞ்சா வழக்கு. அதற்காக ஏரம்புவை யாரும் கண் சிவந்து திரிகிற ஆளென்று நினைத்துவிட வேண்டாம். சுருட்டுப் பிடித்தாலே இருமுகிற மனுசன். வடமராட்சியிலிருந்து வந்து, கனகராயன்குளத்துக்கு உள்ளே நாலு கட்டை தள்ளியிருக்கும் முதிரையடிக் குடியேற்றத்தில் மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் அரசாங்கப் பெமிற்றில் எடுத்து, பெண்சாதியும் தானுமாகக் காடு வெட்டிக் குடியிருந்தவன். பிள்ளை குட்டி இல்லை. வயல் வேலை போக மிச்ச நேரத்தில் மாட்டுப் பரியாரி. மாட்டுக்கு வயிற்றோட்டம் கண்டால் கஞ்சா இலையை வறுத்து இடித்துப் பனங்கட்டியோடு உருட்டிக் கொடுப்பான். மாடு எழும்பி நின்றுவிடும். அந்த இலையை ஒரு சீலைத் துண்டில் முடிந்து கொட்டில் வளைமரத்தில் தொங்கவிட்டிருந்தான். ஒளித்து வைத்ததல்ல. வேப்பெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வருகிறவன் போகிறவன் எல்லாருக்கும் தெரியத்தான் தொங்கியது.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு மார்கழியில் எக்சைஸ்காரர் மூன்று பேர், காட்டுக்குள் கசிப்பென்ற கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்களைப் பிடிக்க வந்தார்கள். வழி காட்டியவர் குடியேற்றத்தின் ஊர் உத்தியோகத்தர், விதானையார் பரமலிங்கம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நாலு பேரும் ஏரம்புவின் கொட்டிலுக்குள் ஒதுங்கினார்கள். ஏரம்பு ஓடிப்போய்த் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். இன்ஸ்பெக்டர் ஒரு மிடறு குடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"அதென்ன முடிச்சு?"

வேறு யாருமென்றால் பாக்கு என்றோ புளி என்றோ சொல்லியிருப்பான். ஏரம்புவுக்குத் தன் வைத்தியத்தைப் பற்றி யாராவது கேட்டால் போதும்.

"அது கஞ்சா இலை ஐயா. மாட்டுக்கு. பனங்கட்டியோட கொட்டைப்பாக்களவு உருட்டிக் குடுக்கவேணும். சினை மாட்டுக்கு மட்டும் குடுக்கப்படாது."

இன்ஸ்பெக்டர் தேத்தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்து முடித்துவிட்டுத்தான் கொப்பியை எடுத்தார். அந்த மட்டுக்கு நல்ல மனுசன். விதானையார் வீட்டுத் தராசில் நிறுத்தார்கள். இலை அரை றாத்தல். எழுதி, எல்லாரும் கையெழுத்தும் வைத்தார்கள். ஆனால் அவர்கள் வந்த வேலை காட்டுக்குள் அல்லவா? அரை றாத்தல் இலையை மழைக்குள் சுமந்து திரிய முடியுமா? பொட்டலத்தை விதானையார் வீட்டிலேயே வைத்துவிட்டு அவரையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்கள். அன்று பின்னேரமே ஆறு பெருக்கெடுத்துவிட்டது. போனவர்கள் நாலாம் நாள்தான் திரும்பி வந்தார்கள். அப்போதுதான் பொட்டலத்தை உறைக்குள் போட்டு அரக்கு முத்திரை குத்தினார்கள். ஏரம்புவுக்குப் பிணை கிடைத்தது. வழக்கு சித்திரைக்குத் தவணை போடப்பட்டது.

குற்றப்பணம் என்றால் ஏரம்பு கட்டிவிட்டுப் போயிருப்பான். பிரச்சினை காணி. காணி அதிகாரி வயல் வரம்பில் நின்று அதைச் சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "கோட்டில நீர் குற்றவாளியெண்டு முடிஞ்சால், பெமிற்றை வெட்டச் சொல்லி நான் மேலுக்கு எழுதவேண்டி வரும். பிறகு என்னை நோகப்படாது." ஆறு வருசம் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருந்து, மூன்று தரம் காய்ச்சலில் விழுந்து எழும்பி உண்டாக்கிய காணி. அதை விட்டால் ஊரில் அவர்களுக்குக் குந்த ஒரு குடிநிலமும் இல்லை.

புரொக்டர் முதல் விரலை மடக்கினார். "குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம். அஞ்சு நிமிசத்தில முடிஞ்சிரும், அம்பது ரூபாயோட விடுவார். ஆனால் குற்றவாளியெண்டு பதிவாகும். காணி?"

காணி என்ற சொல்லுக்கு ஏரம்பு தலையைக் குனிந்தான். அந்த வழி அடைபட்டது.

"ரெண்டாவது, மருந்துக்கு வைச்சதெண்டு சொல்லலாம். மனுசருக்கு வைத்தியம் பார்க்கிற பதிஞ்ச வைத்தியருக்கு அனுமதி எடுக்க வழியிருக்கு. மாட்டுப் பரியாரிக்குச் சட்டத்தில இடமில்லை. மாடுகள் சேர்ந்து பெட்டிசம் போட்டால்தான் உண்டு." தன் பகிடிக்குத் தானே சிரித்துவிட்டு மூன்றாவது விரலுக்குப் போனார். "கொட்டிலுக்குக் கதவில்லை. ஆரும் வந்து தொங்கவிட்டிருக்கலாம். உமக்குத் தெரிஞ்சு உம்முடைய பொறுப்பில இருந்ததெண்டு அவங்கள்தான் நிரூபிக்கவேணும்."

"நான்தானே ஐயா தொங்கவிட்டனான். இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கும் சொன்னனான்."

"எக்சைஸ்காரருக்குச் சொன்னது கோட்டில எடுபடாதெண்டு நான் வாதாடுவன். நீர் வாயைத் திறக்காமல் நிண்டால் போதும்."

"நீதவான் ஐயா என்ர முகத்தைப் பார்த்துக் கேட்டால்?"

புரொக்டர் ஏரம்புவின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். அந்த முகத்தை வைத்துக்கொண்டு மூன்றாவது வழியில் போக முடியாது என்று அவருக்கே விளங்கியிருக்க வேண்டும். மடக்கிய விரலை நிமிர்த்திவிட்டார்.

பிறகு மேசையில் கிடந்த கடதாசியொன்றை எடுத்தார். கொழும்பிலிருந்து வந்த பகுப்பாய்வாளரின் அறிக்கை அது. "இது கஞ்சா இலைதான் எண்டு எழுதியிருக்கிறார். அதோட நொச்சி இலையும் கலந்து கிடக்காம். நீர் நொச்சி போட்டனீரோ?"

"நொச்சியோ!" ஏரம்புவுக்குச் சுருக்கென்றது. "நொச்சி சேர்ந்தால் மருந்து பழுது ஐயா. எந்த விசரன் போடுவான்?"

"அப்ப ஆர் போட்டது?"

ஏரம்பு யோசித்தான். "விதானையார் வீட்டில பத்மாசனி எல்லாத்துக்கும் நொச்சி போடுறவா. பூச்சி பிடிக்காமல் இருக்க. அவை எங்களுக்குத் தந்த விதைநெல்லுக்குள்ளயும் நொச்சிதான் கிடந்தது."

புரொக்டர் நாலாவது விரலை மடக்கினார். இந்த முறை மேசையில் ஒரு குத்தும் விழுந்தது. "முத்திரை வைக்கமுதல் பொட்டலத்தை அவிட்டிருக்கினம்! அவிட்ட பொட்டலத்தில உம்முடையது எது, பிறகு போட்டது எதெண்டு எந்த நீதவானாலயும் சொல்லேலாது. விதானையார் பெண்சாதிக்குச் சாட்சிச் சம்மன் எடுப்பம். அவா உண்மை சொல்லுவாவோ?"

"பத்மாசனிக்குப் பொய் சொல்லத் தெரியாது ஐயா," என்றான் ஏரம்பு, பெருமையாக.

இலட்சுமி பயந்தது அதற்குத்தான்.

பெமிற்றின் பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்த புரொக்டர் இன்னொன்றும் கேட்டார். "பின்னுரித்தாளர் சின்னராசா எண்டு கிடக்கு. உமக்குப் பிறகு காணி போறது இவருக்கோ? ஆர் இது?"

"தம்பியின்ர மகன் ஐயா. ஊரில படிக்கிறான்."

இலட்சுமி அப்போதுதான் முதன்முதலாக அதைக் கேள்விப்பட்டாள். சின்னராசா முதிரையடியின் மண்ணை மிதித்ததில்லை. ஒரு தரம் வரச்சொல்லிக் கடிதம் போட்டதற்கு, நுளம்பு கடிக்கும் என்று பதில் எழுதியவன். அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. பஸ்ஸில் புளியங்குளம் தாண்டியதும் கேட்டாள்.

"ஏன் என்ர பேரைச் சொல்லயில்லை?"

"காணி குடுத்த அண்டைக்குக் கச்சேரிக் கந்தோரில அவசரப்படுத்தினவங்கள். வாயில வந்ததைச் சொன்னனான்," என்றான் ஏரம்பு. "எல்லாம் ஒண்டுதானே."

ஒன்றுதானாம். அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அதைச் சண்டைக்குள் கலக்க அவள் விரும்பவில்லை.

கவலை இதுதான். பொட்டலம் விதானையார் வீட்டில் இருந்த மூன்றாம் நாள், மழை சற்று விட்ட நேரம், பத்மாசனி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு இலட்சுமியின் குசினி வாசலுக்கு ஓடி வந்தாள். இரண்டு பேரும் ஏழு வீட்டு இடைவெளியில் இருப்பவர்கள். கிணறு வெட்டும் மட்டும் ஒரே குளத்தில் தண்ணீர் அள்ளியவர்கள்.

"அக்கா, ஒரு பிடி அந்த இலை இருக்கோ?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள் பத்மாசனி.

பொட்டலம் நனைந்து கிடந்ததாம். அப்படியே விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று அவிழ்த்துச் சுளகில் பரப்பி அடுப்படியில் வைத்தாளாம். மழைக்கென்று குசினிப் பத்திக்குள் கட்டியிருந்த ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து ஒரு பிடி தின்றுவிட்டதாம். "அடைக்கலமா வைச்ச சாமான் அக்கா. அரை றாத்தலெண்டு எழுதிக் கையெழுத்தும் வைச்சாச்சு. குறைஞ்சால் இவரின்ர உத்தியோகம் போகும். இல்லாட்டி ஏரம்பண்ணை களவாக வந்து எடுத்ததெண்டு சொல்லுவினம்."

யோசித்துப் பார்த்தால் விசர்க்கதை. புருசனை மறியல் சிறைக்கு அனுப்பக் கூடிய சாமான் குறைந்துவிட்டது என்று பெண்சாதியிடமே வந்து கேட்கிறாள் ஒருத்தி. ஆனால் அந்த நேரத்தில் இலட்சுமிக்கு அப்படித் தோன்றவில்லை. அயல்வீட்டுக்காரி அடைக்கலப் பொருள் குறைந்துபோன வெட்கத்தில் நனைந்துகொண்டு நிற்கிறாள். இல்லையென்று எந்த வாயால் சொல்லுவது? மரை இறைச்சி கிடைக்கிற நாளில் கறிக்குப் போடவென்று ஒரு தகரப் பேணியில் கொஞ்சம் இலை வைத்திருந்தாள். ஒரு பிடி அள்ளிக் கொடுத்தாள். போதாமல் போகும் என்று இன்னும் அரைப் பிடி கொடுத்தாள். பத்மாசனி கொண்டுபோய்த் தராசில் வைத்து, அரை றாத்தல் மட்டாக வரும்வரை கூட்டிக் குறைத்து, பூச்சி பிடிக்காமல் நாலு நொச்சி இலையும் போட்டு, பழைய மாதிரியே முடிந்து வைத்தாள். தான் மிச்சம் வைத்திருந்ததை இலட்சுமி அன்றைக்கே அடுப்பில் போட்டாள்.

ஆண்கள் இரண்டு பேருக்கும் இது தெரியாது. ஏரம்புவுக்குச் சொல்ல இலட்சுமி எத்தனையோ தரம் வாயெடுத்திருக்கிறாள். சொன்னால் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். அவளைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று நேரே கோட்டுக் கூட்டில் ஏறி, தான் குற்றவாளி என்று சொல்லிவிட்டு வந்துவிடுவான். காணி போய்விடும்.

பஸ்ஸால் இறங்கிய கையோடு அவள் பத்மாசனியிடம் போனாள். பத்மாசனி முற்றத்தில் உழுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சம்மன் வரப்போகிறது என்று கேட்டதும் சுளகை வைத்துவிட்டாள்.

"அவிட்டனீரோ எண்டு கேட்பினம். ஓமெண்டு சொல்லும். அது எங்களுக்கு நல்லது," என்றாள் இலட்சுமி. "குறைஞ்சதுக்கு இலை எங்கால எண்டு கேட்டால்தான் கரைச்சல்."

"சத்தியம் பண்ணிப்போட்டுப் பொய் சொல்ல என்னால ஏலாது அக்கா."

"தெரியும்."

"ஆனால் உங்கட பேரையும் சொல்லமாட்டன். பேசாமல் நிப்பன். பேசாமல் நிக்கிறது பொய்யில்லையே?"

புரொக்டரிடம் கேட்கக்கூடிய கேள்வியாக அது இல்லை. கேட்க மாட்டார்கள் என்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

சித்திரை வெயிலில் வவுனியாக் கோட்டு விசாரணை மண்டபம் அவிந்துகொண்டிருந்தது. நீதவான் இங்கிலீசில் கேட்க, கோட்டு முதலியார் அதைத் தமிழில் சொல்லி, வருகிற மறுமொழியைத் திரும்ப இங்கிலீசாக்கினார். இன்ஸ்பெக்டர் உள்ளது உள்ளபடி சாட்சி சொன்னார். விதானையார் கறுத்தக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, பொட்டலம் தன் வீட்டில் பத்திரமாக இருந்தது என்றார். அவர் காட்டுக்குள் இருந்தபோது அது எப்படிப் பத்திரமாக இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கதிர்காமநாதன் கேட்டார். விதானையார் கோட்டுப் பொத்தானைத் தடவினார். எதிரிக் கூட்டுக்குள் ஏரம்பு கையைக் கட்டிக்கொண்டு, யாருடைய வழக்கையோ பார்க்க வந்தவனைப் போல நின்றான்.

அடுத்தது பத்மாசனி. அவிழ்த்ததை அவள் உடனே ஒப்புக்கொண்டாள்.

"ஏன் அவிட்டனீங்கள்?" என்று புரொக்டர் கேட்டார்.

"நனைஞ்சு கிடந்தது ஐயா. பழுதாய்ப் போனால் வழக்கு முடியத் திருப்பிக் குடுக்கிறது எப்பிடி?"

முதலியார் அதை இங்கிலீசில் சொல்லி முடிக்கும் முன்பே பின்வரிசை வாங்குகளில் சிரிப்பு எழும்பியது. பொட்டலத்தை ஏரம்புவிடம் திருப்பிக் கொடுப்பார்கள் என்று அவள் உண்மையாகவே நம்பியிருந்தாள். ஆடு தின்ற கதையையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். நீதவான் பேனையை வைத்துவிட்டார்.

"ஆட்டுக்கு என்ன நடந்ததெண்டு கேட்கிறார்," என்றார் முதலியார்.

"ரெண்டு நாள் எழும்பயில்லை ஐயா. பிறகு ஏரம்பண்ணைதான் வந்து மருந்து குடுத்தவர்."

இந்தத் தரம் நீதவானும் சிரித்தார். ஏரம்பு மட்டும் சிரிக்கவில்லை. தன்னுடைய வழக்குச் சாமானைத் தின்ற ஆட்டைத்தான் தான் சுகப்படுத்தினான் என்பது அவனுக்கு அன்றுதான் விளங்கியது. அவன் இலட்சுமியைத் திரும்பிப் பார்த்தான். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"குறைஞ்ச நிறையை எப்பிடிச் சரிப்பண்ணினீங்கள்?"

"அதே இலையாலைதான்."

புரொக்டருக்கு இது புதிது. நொச்சியோடு முடிந்தது என்று நினைத்திருந்தவருக்கு அடுத்த கேள்வி ஆபத்து என்று மூக்கில் வியர்த்தது. அத்தோடு நிறுத்தி உட்கார்ந்துவிட்டார். ஆனால் நீதவான் நிறுத்தவில்லை. இலை எங்கிருந்து வந்தது என்று அவரே கேட்டார். முதலியார் அதைத் தமிழில் சொன்னார்.

பத்மாசனி வாயைத் திறக்கவில்லை.

திரும்பவும் கேட்டார். அவள் கூட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேரே முன்னால் பார்த்தபடி நின்றாள். விதானையார் கறுத்தக் கோட்டின் பொத்தானைக் கழற்றினார். தன் வீட்டில்தான் அந்த இலை இருந்திருக்கிறது என்று கோடு முழுக்க நினைக்கப்போகிறதே என்று அவருக்குப் பயம். பயம் நியாயமானதுதான். அந்தப் பக்கத்தில் இருந்த எல்லாருக்கும் அப்போதைக்கு அதே நினைப்புத்தான்.

"சத்தியம் செய்த சாட்சி மறுமொழி சொல்லாட்டி மறியலுக்கு அனுப்பவேண்டி வருமெண்டு சொல்லுறார்," என்றார் முதலியார். குரலில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. "சொல்லுங்கோவன் அம்மா."

இலட்சுமி யோசித்தாள் என்று சொன்னால் அது பொய். யோசிக்க நிறைய இருந்தது. காணி இருந்தது, சின்னராசா இருந்தான், ஆறு வருசக் காய்ச்சல் இருந்தது. ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த பத்மாசனியின் கையைத்தான் கண்டாள். எழும்பி நின்றுவிட்டாள்.

"அவாவை விடுங்கோ ஐயா. நான் குடுத்தது. என்ர குசினியில இருந்து குடுத்தனான்."

நீதவான் இவள் யார் என்று கேட்டார். எதிரியின் பெண்சாதி என்றார் முதலியார். நீதவான் காதில் பிழையோ என்பதுபோல அவரைப் பார்த்தார். முதலியார் திரும்பவும் அதையே சொன்னார்.

"புருசனுக்கு எதிரான சாமானெண்டு தெரிஞ்சுதான் குடுத்தனீங்களோ?"

"தெரியும் ஐயா."

"அப்ப ஏன் குடுத்தனீங்கள்?"

"அவா கேட்டவா. அயலுக்கு இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

இந்தத் தரம் ஒருவரும் சிரிக்கவில்லை. நீதவான் கனநேரம் எழுதினார். எழுதி முடித்து வாசித்தார். முத்திரை வைக்க முன் அவிழ்த்து, ஆடு தின்று, வேறொருவரின் இலையால் நிரப்பிய பொட்டலம் இது. இதை வைத்து எதிரியைக் குற்றவாளியாகக் காணமுடியாது. ஏரம்பு விடுதலை. ஏரம்பு அதைக் கேட்டும் கூட்டைவிட்டு இறங்கவில்லை. பொலிஸ்காரன் ஒருவன் முழங்கையால் இடித்துத்தான் இறக்கிவிட்டான்.

இன்ஸ்பெக்டர் அதற்குள் எழும்பிவிட்டார். இந்தப் பெண் கஞ்சா வைத்திருந்ததாகக் கோட்டிலேயே சொல்லியிருக்கிறாள், அவள்மேல் குற்றம் சாட்ட வேண்டும் என்றார். அவருடைய கடமை. நீதவான் பத்து நிமிசம் அவகாசம் கொடுத்தார்.

கதிர்காமநாதன் இலட்சுமியை விறாந்தை ஓரத்துக்குக் கூட்டிப்போனார். பழக்கம் விடவில்லை, விரல் மடங்கிவிட்டது. "ஒப்புக்கொள்ளலாம். இல்லாட்டி மறுக்கலாம். நான் மறுக்கத்தான் சொல்லுவன் அம்மா. உங்களிட்ட இருந்து ஒரு இலைகூடப் பிடிபடயில்லை. வென்றிடலாம்."

"மறுத்தால் பத்மாசனி திரும்பவும் கூட்டில ஏறவேணுமோ?"

"ஓம். அவாதானே சாட்சி."

"ஏறி, நான் குடுத்தது பொய்யெண்டு சொல்லவேணுமோ?"

புரொக்டர் இரண்டாவது விரலை நிமிர்த்திவிட்டார்.

"என்னைக் குற்றவாளியெண்டு எழுதினால் காணி போகுமோ?"

"சீச்சீ, பயப்படாதையுங்கோ," என்றார் புரொக்டர். உண்மையான சந்தோசத்தோடு சொன்னார். "பெமிற் ஏரம்புவின்ர பேரில. உங்கட பேர் அதில ஒரு இடத்திலயும் இல்லை. உங்களுக்கு என்ன நடந்தாலும் காணியை ஒருத்தராலும் தொடேலாது."

ஆறுதலுக்குச் சொன்ன சொல்தான். அது அவளைப் போய்ச் சுட்டது. களை பிடுங்கிப் பிடுங்கி நகம் தேய்ந்த கையை அவள் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப ஒப்புக்கொள்ளுறன் ஐயா."

உள்ளே போய்க் கூட்டில் ஏறினாள். குற்றப்பணத்தைத் தீர்மானிக்க முன் முதலியார் சில கேள்விகள் கேட்டார். வயது? நாற்பத்தினாலு. தொழில்? கமம். முதலியார் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே சொன்னார். காணி பூமி, ஆதனம் ஏதும்?

கோட்டுக்குள் ஏரம்பு நின்றான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டுதான் மறுமொழி சொன்னாள்.

"ஒண்டும் இல்லை ஐயா."

ஒன்றும் இல்லாத பெண் என்று நீதவான் இரக்கப்பட்டார். பத்து ரூபாய்.

வெளியே வாகை மரத்துக்குக் கீழே விதானையாரும் பத்மாசனியும் நின்றார்கள். விதானையார் இலட்சுமியைக் கண்டு கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். மேலிடத்திலிருந்து அவருக்குக் கடிதம் ஒன்று வரத்தான் போகிறது, அது அவருக்கும் தெரியும். பத்மாசனி இலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சரி, சரி, போம். ஆட்டைப் பட்டினி போடாமல் நேரத்தோட போம்," என்று இலட்சுமி அதட்டி அனுப்பினாள். அவளுக்கும் அழுகை வந்தது, பத்மாசனிக்கு முன்னால் அழ அவள் விரும்பவில்லை.

ஏரம்புவும் இலட்சுமியும் பஸ் நிலையத்துக்கு வந்தார்கள். கனகராயன்குளம் பஸ் நின்றது. ஏறுகிற இடத்தில் நின்று சால்வையால் முகத்தைத் துடைத்தான். கண்ணையும்தான் துடைத்தான்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் நீ."

"சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பியள் எண்டு எனக்குத் தெரியும்."

"எப்பிடியோ, எங்கட காணி தப்பிச்சிட்டுது," என்றான்.

"உங்கட காணி."

ஏரம்பு அவளைப் பார்த்தான். பஸ்காரன் மணியடித்தான்.

"சத்தியம் பண்ணின கோட்டில இப்பத்தானே சொல்லிப்போட்டு வாறன், எனக்கு ஒண்டும் இல்லையெண்டு. பொய்யே சொன்னனான்?" இலட்சுமியின் குரல் உயரவில்லை. "நாளைக்கு நீங்கள் கண்ணை மூடினால் சின்னராசா வந்து என்னைக் கிளம்பச் சொன்னால், நான் எந்தக் கோட்டில போய் நிக்கிறது?"

"அவன் அப்பிடிச் சொல்லமாட்டான்."

"சொல்லாமல் இருக்கட்டும். நான் அவனைக் கேட்டு நிக்கமாட்டன். காணிக் கந்தோர் நாலு மணி மட்டும் திறந்திருக்கும்."

"இண்டைக்கோ? அடுத்த பஸ் அஞ்சு மணிக்குத்தான்."

"நான் ஆறு வருசம் நிண்டனான். நீங்கள் அஞ்சு மணி மட்டும் நில்லுங்கோ."

பஸ் போய்விட்டது. ஏரம்பு அதன் புழுதியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளுக்குப் பின்னால் நடந்தான்.

காணிக் கந்தோரில் கிளாக்கர் சாப்பாடு முடிந்து பல் குத்திக்கொண்டிருந்தார். பின்னுரித்தாளரை மாற்ற வேண்டும் என்றதும் படிவம் ஒன்றைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார். பெமிற்காரரின் பெயர், காணித் துண்டின் இலக்கம் எல்லாம் ஏரம்பு சொல்லச் சொல்ல எழுதினார்.

"சரி, சின்னராசாவை எடுக்கிறம். அந்த இடத்தில ஆர்?"

"என்ர பெண்சாதி," என்றான் ஏரம்பு.

"பெண்சாதியெண்டு எழுதேலாது. பேரைச் சொல்லும்."

ஏரம்பு வாயைத் திறக்க முன் அவளே மேசைக்குக் கிட்டப் போய்ச் சொன்னாள். கிளாக்கர் எழுதினார். எழுதினதை ஒருக்கா வாசித்துக் காட்டச் சொன்னாள். அவர் அலுப்போடு வாசித்தார். இலட்சுமி என்று அவர் வாயால் கேட்ட பிறகுதான் படிவத்தை ஏரம்புவின் பக்கம் தள்ளிக் கையெழுத்து வைக்கச் சொன்னாள்.